பனியில் ஒரு கால் ஷொட்

ஐஸ்லாந்துக்குப் போக ஐங்கரனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் ரூகன் தீவு. ஜெர்மனியின் வடகிழக்கு நுனி அது, அதற்கு மேலே கடல்தான். "பாக்கிற ஆக்களுக்கு ஐஸ்லாந்து எண்டுதான் தெரியும் அக்கா, நான் கலரை மாத்தி விடுறன்" என்று வீடியோக்காரன் சேயோன் ஐங்கரனின் மனைவியிடம் சொன்னான். நல்ல யோசனை என்று நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். அந்தத் தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் மோதுவது என்று இப்போது தெரியவில்லை.

என் பெயர் கொறற்றி. ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருஷமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். சனி ஞாயிறில் பெண்பிள்ளைகளுக்குச் சேலை கட்டி, தலை இழுத்து, மேக்கப் போட்டுவிடுவேன். நான் மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, மாதா கோயில் ஆள். இருந்தாலும் பிள்ளைகள் பெரியபிள்ளையானதற்கு இந்தப் பக்கம் நடக்கிற சாமத்திய வீடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டிருக்கும்.

ஐங்கரன், அஜிதா தம்பதிக்கு ஒரே பிள்ளை ஆதிரை. பதின்மூன்று வயது. பிள்ளை பெரியபிள்ளையாகி ஒன்றரை வருஷமாகிவிட்டது. முதலில் மண்டபம் கிடைக்கவில்லை. மண்டபம் கிடைத்தபோது கனடாவிலிருந்து வரவேண்டிய மாமிக்கு டிக்கெட் சரிவரவில்லை. மாமிக்குச் சரிவந்த நாளில் பல்லக்குக்காரன் வேறு இடத்தில் நின்றான். ஒருவழியாக ஏப்ரலில் நாள் வைத்தார்கள். மண்டப வாசலில் பெரிய திரை போட்டு ஓடவிட ஒரு வீடியோ வேண்டுமாம். கனடா மாமியின் மகளுக்கு உறைந்துபோன நயாகராவுக்கு முன்னால் எடுத்திருந்தார்கள். அதை அஜிதா எனக்கு எத்தனை தரம் போனில் காட்டியிருப்பாள் என்று கணக்கில்லை. காட்டும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திப் போட்டுவிட்டான் என்பதுபோல.

பெப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வான் வண்டியில் புறப்பட்டோம். ஐங்கரன் ஓட்டினார், அவர் வாய் திறந்ததே பெற்றோல் அடிக்கும் இடத்தில்தான். பின்னால் நான், அஜிதா, ஆதிரை. கடைசி இருக்கையில் சேயோனும் அவனுடைய பெட்டிகளும். மட்டன் ரோல்ஸ், மீன் பொரியல், முட்டைச் சம்பல் எல்லாம் கட்டி வந்திருந்தார்கள். வெளியே குளிர் என்பதால் ஒருவரும் கண்ணாடியை இறக்க விடவில்லை. எட்டு மணித்தியாலம் அந்த மீன் வாசம், சேயோனின் சென்ற், கழற்றிய சப்பாத்துகளின் நாற்றம். ஹம்பூர்க் தாண்டியதும் ஆதிரை ஒரு பொலித்தீன் பைக்குள் சத்தி எடுத்தாள். "இப்பவே எடுத்து முடி, நாளைக்கு முகம் வீங்கக்கூடாது" என்றாள் தாய். நான் அந்தப் பையை முடிந்து என் காலடியில் வைத்துக்கொண்டு அடுத்த தரிப்பிடம் வரை இருந்தேன்.

வானொலி முழுக்க எச்சரிக்கைதான். கிழக்கிலிருந்து காற்று வருகிறது, கரையோரம் மைனஸ் பதினேழு, காற்றோடு சேர்த்தால் மைனஸ் இருபத்தெட்டுப்போல இருக்கும், தேவையில்லாமல் வெளியே போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அஜிதா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப கடல் உறைஞ்சிருக்கும், என்ன?" என்று கேட்டாள். "சொல்லி வேலையில்லை" என்றான் சேயோன். இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

தங்குவதற்கு ஒரு சின்ன வீடு எடுத்திருந்தார்கள். அன்று பின்னேரம் ஆதிரையின் கால்களை என் மடியில் வைத்து வேலையைத் தொடங்கினேன். மருதாணி வேண்டாம், அது படத்தில் மண்ணிறமாகத் தெரியும், பளிச்சென்ற சிவப்புத்தான் வேண்டும் என்று சேயோன் கேட்டிருந்தான். அதனால் சிவப்புச் சாயம். விரல் நுனியிலிருந்து பாதி பாதம் வரை நிறையப் பூசி, அதற்கு மேலே மெல்லிய தூரிகையால் கொடியும் பூவும் இழுத்தேன். நனையும் இடம் என்று தண்ணீருக்கு அழியாத சாயமாகப் பார்த்து வாங்கியிருந்தேன். மூன்று மணித்தியால வேலை. முடித்துவிட்டுப் பார்த்தேன், ஏன் பொய் சொல்ல, எனக்கே பெருமையாக இருந்தது. போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

"அன்ரி, இது எப்ப போகும்? எனக்குத் திங்கள் நீச்சல் இருக்கு" என்று ஆதிரை கேட்டாள்.

"போகும் போகும். நீ காலை ஆட்டாமல் இரு."

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடற்கரைக்கு இறங்கினோம். கல்லுக் கரை. கரையோரம் கடல் உறைந்து, பலகை பலகையாக உடைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. காற்று என்றால் காற்று, அப்பப்பா. கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்தது. கழுத்துத்துண்டில் என் மூச்சு பட்ட இடமெல்லாம் ஐஸ் பிடித்தது. வானைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவர ஏலாது, இருநூறு மீற்றர் நடக்கவேண்டும்.

சேயோன் பஞ்சு வைத்த காற்சட்டை, முழங்கால் வரை சப்பாத்து, உள்ளே பற்றரியில் சூடாகிற கையுறை எல்லாம் போட்டிருந்தான். அஜிதாவின் கோட் கணுக்கால் வரை. நான் இரண்டு கம்பளிச் சட்டை, இரண்டு காலுறை. பிள்ளைக்கு அரக்குப் பட்டுச் சேலை. உள்ளே மெல்லிய உடுப்பு ஒன்று போட்டுவிட்டேன், அதன் கையையும் வெளியே தெரியாதபடி முழங்கை வரை வெட்டச் சொன்னாள் அஜிதா. நானே வெட்டினேன்.

"இப்ப கால் ஷொட்" என்றான் சேயோன். "அதுதான் தொடக்கம். முதல்ல கால் மட்டும், கொலுசோட, ஐஸில நடந்து வரவேணும். பிறகு கமரா மெல்ல மேல போகும்."

"சப்பாத்தோட நடந்தா என்ன, நிலத்தில தெரியவே போகுது?" என்று ஐங்கரன் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"காலைத்தானே அண்ணை எடுக்கிறம்!"

அஜிதா புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் போய் வானுக்குள் ஏறிவிட்டார். அவரும் ஒரு தகப்பன். நான் குனிந்து ஆதிரையின் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். இரண்டையும் என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன், திரும்பப் போடும்போது சூடாக இருக்கட்டும் என்று. நான் ரொம்ப அக்கறையானவள், பாருங்கள்.

முதல் தரம் அவள் ஐஸில் கால் வைத்ததும் "ஆ!" என்று துள்ளினாள். "நோகுது அம்மா, வெட்டுற மாதிரி நோகுது" என்றாள். "ரெண்டு நிமிஷம்தானே செல்லம்" என்றாள் தாய். ரெண்டு நிமிஷம் பதினைந்து நிமிஷமாயிற்று. ஏனென்றால் சேயோனின் நிழல் படத்துக்குள் விழுந்துவிட்டதாம். வானுக்குக் கொண்டுபோய், சூட்டுக் காற்று வருகிற துவாரத்துக்கு முன்னால் காலை நீட்டச் சொன்னோம். அஜிதா தைலத்தை எடுத்து இரண்டு பாதத்திலும் போட்டு அரக்கி அரக்கித் தேய்த்தாள். சளிக்கும் அது, தலையிடிக்கும் அது, மைனஸ் பதினேழுக்கும் அது. குளிர்ந்து விறைத்த காலைத் தேய்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். வேலையிடத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். "மெல்ல, சாயம் கலங்கும்" என்றுதான் சொன்னேன். மாதாவே, அதைத்தான் சொன்னேன்.

இரண்டாம் தரம் போனோம். குளிரில் கமராவின் பற்றரி செத்துவிட்டது. வேறு பற்றரியை அவன் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கும் வரை பிள்ளை அந்த ஐஸ் பலகையிலேயே நின்றாள். அவளுக்கும் எனக்கும் இடையில் பத்து அடி இருக்கும். தாய் சேயோனுக்குப் பக்கத்தில் நின்று, எடுத்ததைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிரை என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், "அன்ரி, சப்பாத்தைத் தாங்கோ" என்றாள்.

சப்பாத்து என் நெஞ்சோடு இருந்தது. நான் சேயோனைப் பார்த்தேன். அவன் ஒரு விரலைக் காட்டினான், இன்னும் ஒன்று.

"இந்தா முடிஞ்சுது பிள்ளை" என்றேன்.

அந்த நேரத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜெர்மன்காரர் வந்தார், எழுபது வயதிருக்கும். நாயின் நாலு காலுக்கும் தோல் சப்பாத்து மாட்டியிருந்தார். எங்களைக் கண்டு நின்றார். "அந்தப் பிள்ளை வெறுங்காலோடு நிற்கிறது" என்று ஜெர்மனில் சொன்னார், எங்களுக்குக் கண் தெரியாது என்று நினைத்தவர்போல. எங்கள் கூட்டத்தில் வடிவாக ஜெர்மன் கதைக்கிற ஆள் நான்தானே, முன்னுக்குப் போனேன். இது எங்கள் கலாச்சாரம், ஒரு சடங்குக்காக எடுக்கிறோம், இதோ முடிந்துவிட்டது, நான் மருத்துவப் பராமரிப்புத் துறையில்தான் வேலை செய்கிறேன் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தூ, என்ன சிரிப்பு அது! அந்தச் சிரிப்பை நினைக்க எனக்கு என் வாயையே கழுவவேண்டும் போலிருக்கிறது.

மறுபடி வான், மறுபடி சூட்டுக் காற்று, மறுபடி தைலம். இந்த முறை பிள்ளை குழறி அழுதாள். உருகும்போதுதான் அப்படி நோகும். "எடுத்தது காணும், வீட்ட போவம்" என்று ஐங்கரன் ஸ்ரியறிங்கைப் பார்த்துச் சொன்னார். "நடுக்கம் தெரியுது அண்ணை, பாவிக்க ஏலாது" என்றான் சேயோன். "இவ்வளவு தூரம் வந்திட்டு!" என்றாள் அஜிதா. நான் பிள்ளையின் கண்மையைச் சரிசெய்தேன்.

மூன்றாம் தரம் ஆதிரை நடுங்கவில்லை. அப்படியே நேராக, மெல்ல, கொலுசு கிணுகிணுக்க ஐஸில் நடந்து வந்தாள். "இப்ப நோகேல்ல அம்மா" என்று சிரித்தாள். "ஒண்டுமே நோகேல்ல."

"பாத்தியளே, பழகீட்டுது" என்றாள் அஜிதா. சேயோன் "சுப்பர், சுப்பர், அப்பிடியே வாங்கோ செல்லம்" என்று பின்னால் நடந்தான்.

நோவு நின்றுவிட்டது என்று ஒரு கிழவி சொன்னால், எங்கள் இல்லத்தில் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கிப் பார்ப்போம். கோட்டைத் திறந்து சப்பாத்தை எடுத்தேன். எடுத்துக்கொண்டு நின்றேன். சேயோன் "கட்" சொல்லும் வரைக்கும் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் காலுறையை இழுத்தேன். இரண்டு பாதமும் அழகாகச் சிவந்திருந்தன. அதுதான் வினை. வேறு எந்தப் பிள்ளையின் கால் என்றாலும் நிறத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கிறதா, திரும்பச் சிவக்கிறதா என்று. என்னத்தைத் தெரிய? நான் பூசிய சிவப்புத்தான் தெரிந்தது. ஆனால் வலது காலில் சதை அமுங்கியது, இடது காலின் கடைசி மூன்று விரல்களும் மெழுகுதிரி மாதிரி கட்டியாக இருந்தன. "இது தெரியுதோ?" என்று கேட்டேன். "எது?" என்றாள் ஆதிரை. அவள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேங்காய் எண்ணெயும் மேக்கப் துடைக்கிற நீரும் எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிச் சாயத்தை எடுத்தேன். கொடி போயிற்று, பூ போயிற்று. கீழே விரல்கள் வெள்ளையாக இருந்தன. எங்கள் நிறத்துப் பிள்ளைக்குச் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு வெள்ளை. செத்தவர்களின் காலில் அதைப் பார்த்திருக்கிறேன்.

"ஐயோ" என்று அஜிதா கத்தினாள். அப்போதுதான் அவள் தாயானாள்.

ஆஸ்பத்திரி இருபது நிமிஷத் தூரத்தில் இருந்தது. போகிற வழியெல்லாம் அஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "கொறற்றியக்கா, படம் எடுத்தது எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள், இவங்கட ஆக்களைத் தெரியும்தானே. பனியில விளையாடப் போய்ச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டாள், அஞ்சு நிமிஷம் எண்டு சொல்லுவம்." பிறகு பின்னால் திரும்பி, "ஆதிரை, விளங்கிச்சோ?" என்றாள். "ஓம் அம்மா" என்றாள் பிள்ளை. சேயோன் எங்களோடு வரவில்லை. படங்களைக் கணினியில் ஏற்றவேண்டுமாம்.

டாக்டர் ஒரு பெண், என் வயதிருக்கும். காலை இளஞ்சூட்டு நீரில் வைத்தார்கள். மேலே இருந்த மிச்சச் சிவப்பைப் பார்த்து இது இரத்தமா என்று கேட்டார். சாயம் என்றேன். பிறகு அவர் எங்கள் எல்லோரையும் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, ஒரு தடவை உறைந்ததா, அல்லது சூடாக்கிய பிறகு மறுபடி உறைந்ததா? எனக்கு அது தெரியவேண்டும். ஒரு தடவை, கொஞ்ச நேரம் என்றால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். உறைந்து உருகி மறுபடி உறைந்திருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே அனுப்பி மருந்து ஏற்றவேண்டும். பிந்தினால் அந்த மூன்று விரல்களும் போகும்."

"விளையாடினவ" என்றாள் அஜிதா, உடைந்த ஜெர்மனில். "ஐந்து நிமிஷம்."

டாக்டர் பிள்ளையிடம் கேட்டார். "ஓம்" என்றாள் ஆதிரை. "நான்தான் கழட்டினனான். சும்மா விளையாட்டுக்கு." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஐங்கரன் நிலத்தைப் பார்த்தார். எனக்கு அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் மேலும் அருவருப்பு வந்தது. அந்தப் பொய், அந்தத் தைல வாசம், பட்டுச் சேலையின் நனைந்த கரை. எல்லாவற்றிலும் மேலாக, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற ஒரு பொம்பிளை, சேலை கட்டிவிடுகிறவள், பராமரிப்பாளர், பதினொரு வருஷம். ஹம் முழுக்க என்னைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் யோசித்தேன். என் வேலையிடத்துக்குத் தெரிந்தால் என்னாகும் என்றும் யோசித்தேன்.

பிறகு சொன்னேன். "மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கால் மணித்தியாலம், கூடவும் இருக்கும். இடையில் இரண்டு தரம் சூட்டுக் காற்றில் வைத்து, தைலம் போட்டுத் தேய்த்தோம். வீடியோ எடுத்தோம். சப்பாத்தைக் கழற்றியது நான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்கள் யார்?"

"பராமரிப்பாளர். அதற்குப் படித்தவள்."

"அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்."

"ஓம். தெரியும்."

அவர் தொலைபேசியை எடுத்தார். பத்து நிமிஷத்தில் அம்புலன்ஸ் வந்தது. அஜிதா என் முகத்துக்கு நேரே வந்து, "நாசமாய்ப் போவாய், காட்டிக் குடுத்திட்டியே" என்று கத்தினாள். அவள் கத்தியது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. நான் தனியே ரயிலில் ஹம்முக்குத் திரும்பினேன். அடுத்த கிழமை, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற இளைஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, போய் இருந்து எல்லாவற்றையும் திரும்பவும் சொன்னேன். சேலை கட்டக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஐங்கரன் போன் எடுத்தார். சின்ன விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்களாம். மூன்றாவது தப்பிவிட்டதாம், பாதமும் தப்பிவிட்டதாம்.

"அண்டைக்கு நீங்கள் சொல்லாட்டி எல்லாம் போயிருக்கும் எண்டு டொக்ரர் சொன்னவ. அதுதான் அக்கா, ஒருக்கா நன்றி சொல்லுவம் எண்டு..."

நன்றி! நன்றி சொல்லாதேங்கோ தம்பி, ஏசுங்கோ, தயவுசெய்து ஏசுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து யாரோ போனை வாங்குவது கேட்டது.

"அன்ரி" என்றாள் ஆதிரை.

"பிள்ளை. எப்பிடியடா இருக்கிறாய்?"

அவள் குரலில் கோபம் இல்லை. இதை எனக்கு அறிவிக்கவேண்டும் என்று நெடுநாளாக யோசித்து வைத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"அண்டைக்கு நான் சப்பாத்து அம்மாட்டக் கேக்கேல்ல. அவ தரமாட்டா எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் தருவியள் எண்டுதான் உங்களிட்டக் கேட்டனான்."

பிறகு போனைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டாள்.